காலியான அறை

காலிதான், உள்ளே ஒரு மருந்துப் புட்டிகூட இல்லை, ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்க் கிணற்றடி வேம்பு நிழலில் ஈரமணலுக்குள் பதித்து வைத்தாயிற்று, "அறை காலியாச்சு, வாங்கம்மா" என்று கூப்பிட்டவனும் தான்தானே, பிறகு ஏன் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறோம்... கம்பவுண்டர் ஜெய்னுலாப்தீன் தன்னையே கேட்டுக்கொண்டான், கால் நகரவில்லை. எரியும் அகலைக் கையால் அணைகட்டிக்கொண்டு உள்நடையில் வந்துகொண்டிருந்தாள் வீட்டுக்காரி நாச்சியார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரிக்கென்று இந்த வீட்டை வாடகைக்கு விடும்போதே அவள் சொன்ன ஒரே நிபந்தனை, சாமி இருந்த இருட்டறையில் வெள்ளிதோறும் விளக்கு வைப்பேன், யாரும் தடுக்கக் கூடாது. வெயில் படாத இடமென்று அதே அறையில்தான் டாக்டர் ஸ்பிரிட்டையும் மயக்கமருந்து ஈதரையும் வைக்கச் சொன்னார், விளக்கு வருமுன் அவற்றை வெளியேற்றுவது கம்பவுண்டர் பாடு. டாக்டர் வத்திராயிருப்பு முகாமில். இன்றைக்குப் பார்த்துக் கடைசி ஈதர் புட்டி கைநழுவி உடைந்தது. கண்ணாடியைப் பொறுக்கிவிட்டுத் துணி எடுத்து வருவதற்குள் தரை காய்ந்துவிட்டது, அதை நம்பித்தான் கூப்பிட்டான், எண்ணெயென்றால் கறை நிற்கும், தண்ணீரென்றாலும் செத்த நேரம் நிற்கும், இது போன இடமே தெரியவில்லை... போனதா? சன்னல் இல்லாத அறையிலிருந்து எங்கே போகும்? நிமிர்ந்தால் ஒன்றுமில்லை, குனிந்தால் தித்திப்பாய் ஒரு நெடி மூக்கில் ஏறுகிறது. காலி... ராஜபாளையத்தில் அத்தா, அவனைப் பெற்றவர், சொன்ன கடைசிச் சொல்லும் அதுதான். ஓட்டைச் சீமெண்ணெய் டின்களுக்கு ஈயம் பற்றவைக்கிற தொழில், பழுக்கக் காய்ந்த கோலை எடுத்தபோது பக்கத்துக் கடைக்காரர் "பாய், உள்ள எண்ணெய் கிடக்கப்போவுது" என்றாராம், அத்தா டின்னைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாராம், "காலிதாம்யா, சொட்டு இல்ல." முகத்தில் துணியைப் போட்டுத்தான் தூக்கி வந்தார்கள். காலி டின்தான் வெடித்தது.

"தள்ளும் கம்பவுண்டரே, திரி கருகுது."

"அங்கனயே நில்லுங்கம்மா. ஒரு எட்டுகூட வைக்காதீங்க."

"நீருதான கூப்பிட்டீரு?"

"தப்பாக் கூப்பிட்டேன். மருந்து சிந்திருச்சு, ஆவி தரையோட நிக்குது. தீ பட்டா பத்திக்கிடும்."

அவள் எட்டிப் பார்த்தாள். "தரை காஞ்சு கெடக்கு. வாசனைக்கா தீப்பிடிக்கும்? அப்போ எம் மருமவ தலையில பூவோட அடுப்பங்கரைக்கே போவக் கூடாதே!"

சிரிப்பு வரத்தான் செய்தது, சிரித்தால் தளர்ந்துவிடுவோம் என்று பல்லைக் கடித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கான்சாபுரத்து வெள்ளத்தாய் காலில் கட்டோடு படுத்திருக்கிறாள், எழுந்து ஓட முடியாதவள்... சாமி விளக்கைத் துலுக்கன் மறித்தான் என்று நாளைக்கு ஊர் பேசுமே, பேசட்டும்.

"நாளைக்கே வீட்டுக்குப் பூட்டுப் போட்டுருவேன், பாத்துக்கிடும்."

"போடுங்க. சாவிய நானே கொண்டாந்து தாரேன். இப்ப விளக்கு உள்ள வராது."

"சரி, வாசப்படியிலயாவது..."

"ஆவி படி தாண்டி வழியும்மா."

"கிணத்தடியில?"

"புட்டி பூரா அங்கதான் இருக்கு."

"என் வீட்டுல எனக்கு ஒரு சாண் இடமில்ல, அப்படித்தான?" முணுமுணுத்துக்கொண்டே தெருவாசலுக்குப் போய் அகலை வைத்தாள், கும்பிட்டாள், வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கோபம் வடியவில்லை, ஆனால் அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "எப்ப போவும் அந்த ஆவி?"

விடிந்தால் என்று சொல்ல வாயெடுத்தான்... விடிந்தால் போயிருக்குமா, எதை வைத்துச் சொல்வது, போன வெள்ளி காலியென்று எதை வைத்துச் சொன்னோம், அதற்கு முந்தின வெள்ளி? அவன் கதவை அகலத் திறந்து வைத்து, வெறும் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அத்தாவாவது டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார், இந்த அறையை எப்படிக் கவிழ்ப்பது...