எறும்புகளின் கறவை

எறும்புகள் தன் கணவனைக் கறக்கத் தொடங்கிப் பதினோரு மாதமாகிறது, இதில் தனக்கு அவன்மேல் பரிதாபமா எறும்புகள்மேல் பொறாமையா என்று அறை வாசலில் நின்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். பிடரியிலிருந்து இடுப்புவரை கறுப்பு எறும்புகள் வரிசை பிசகாமல் நின்று மீசையால் தட்டின. தட்டிய இடத்தில் ஒரு துளி ஊறியது. குடித்த எறும்பு வயிறு கண்ணாடிபோல் மின்ன ஜன்னல் வழியே இறங்கிப் போனது, அடுத்தது வந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமான ஒன்பது வருடத்தில் அவள் கைபட்டு ஒருநாளும் வராத சிரிப்பு அது.

தப்பு அவளுடையதுதான். வீட்டை ஒட்டிய எலுமிச்சைத் தோப்பில் மாவுப்பூச்சி விழுந்திருந்தது. அந்தப் பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், தின்ன வரும் பொறிவண்டைக் கடித்து விரட்டும். அதனால் ஒவ்வொரு தண்டிலும் கிரீஸ் தடவிய துணிப்பட்டை கட்டி எறும்பை ஏறவிடாமல் செய்வார்கள். பட்டை கட்டும் முன் சுவரைத் தொடும் கிளையை வெட்ட வேண்டும் என்பது தோப்பு வேலைக்கு வரும் எவருக்கும் முதல் நாளே சொல்லப்படுவது. இருநூறு மரத்துக்கும் பட்டை கட்டியவள் ஒரு கிளையை மட்டும் விட்டுவிட்டாள். காய்ச்சலில் கிடந்தவன், அந்தக் கிளையின் நிழல் முகத்தில் விழுவது இதமாக இருக்கிறது என்றான். மற்ற மரங்களில் பிழைப்புப் போன எறும்புகள் எல்லாம் அந்த ஒரு மரத்துக்காகச் சுவரேறின. அங்கே எல்லாருக்கும் பூச்சி போதவில்லை. போகிற வழியில் ஜன்னலுக்குள் வியர்த்துக் கிடந்தவனைத் தட்டிப் பார்த்தன. அவன் சுரந்தான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அதன்பின் ஒரு கொசுகூட அவனை அண்டவில்லை. ஊசியோடு வந்த டாக்டர் நாற்பது இடத்தில் கடிபட்டு, மருந்துச் சீட்டைத் தன் பெயருக்கே எழுதிக்கொண்டு போனார். முதல் மாதம் அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். இரண்டாம் மாதம் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். எறும்புகள் அவன் செருப்பு வாரைக் கடித்துத் துண்டித்தன, பிறகு சைக்கிள் டயரை. கறக்கும் பூச்சி பறந்து போய்விடாதபடி அதன் இறகை எறும்பு கடித்துப்போடுவதைத் தோப்பில் பார்த்தவள் என்பதால் அவளுக்கு ஆச்சரியமில்லை. அவள் கிளையை வெட்டினாள், அவை சுவர் வழியாகவே வந்தன. கட்டில் கால்களில் கிரீஸ் தடவினாள். அன்று மத்தியானம் அவனே கையைத் தொங்கவிட்டு, விரல் நுனியைத் தரையில் ஊன்றி, அவற்றுக்கு வழி கொடுத்தான். அதைப் பார்த்தபின் அவள் கிரீஸ் டப்பாவைத் தொடவில்லை.

ஒருநாள் அவளும் அவன் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். ஓர் எறும்பு வந்து அவள் கழுத்தை இரண்டு முறை தட்டியது. ஒன்றும் ஊறவில்லை. அது திரும்பிப் போனது. அன்று முழுக்க அவளுக்கு அவமானமாக இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

கோடையில் அவன் வற்ற ஆரம்பித்தான். துளி சிறுத்தது, தட்டல் பலத்தது. முதலில் அவளைக் கூப்பிட மறந்தான், பிறகு மகளை. வற்றிய பூச்சியை எறும்பு துண்டு துண்டாகப் புற்றுக்குள் இழுத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை அவன் இடது கால் சுண்டுவிரல் நகத்தைக் காணோம். வெள்ளிக்கிழமை விரலையே காணோம். ரத்தமில்லை, வலியுமில்லை, அதே சிரிப்பு.

அந்த வாரம்தான் ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டது. கூடத்தில் அவளை மடியில் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தபடி இருந்தாள். அறையிலிருந்து ஒரு புது வரிசை கிளம்பிக் கூடத்தின் நடுவரை வந்து நின்றிருந்தது. கணவனின் அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். தோப்பில் பழம் எடைபோடுகிறவள், வாய் சும்மா இருக்காது.

"இன்னும் எத்தன நாள் துணிய நனைச்சு நனைச்சு போடப்போற? தம்பி பக்கத்துல மூணு நாள் படுக்க வை. அவனுக்குக் காய்ச்சல் டாக்டராலயா போச்சு? அந்த ஆளு பைய விட்டுட்டு ஓடின ஓட்டம் இருக்கே!" அவளே சிரித்துக்கொண்டாள்.

"விரல் போயிருக்கு அண்ணி."

"விரல்தான? வலிக்குதுன்னு சொன்னானா அவன்? நம்ம வீட்ல நிம்மதியா இருக்கறது அவன் ஒருத்தன்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புள்ள உடம்பு அனலா கொதிக்குதும்மா. உன் பிடிவாதத்துல எதாவது ஆயிடப்போவுது. குடு, நான் தூக்கிட்டுப் போறேன்."

அண்ணி இரண்டு கையையும் நீட்டினாள். தன்னை மறந்து சிரிக்கும் ஒரு முகத்துக்கும், முனகி முனகித் தன்னைத் தேடும் இந்த முகத்துக்கும் நடுவில் தான் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. குழந்தையின் கால்களைப் புடவைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணி," என்றாள். "காய்ச்சல் அவகிட்டயே இருக்கட்டும்."