முட்டைக்காளான் விருந்து

காளானைப் பற்றி இன்றைக்கு வாயே திறக்கக் கூடாது என்று காரிலேயே என் கணவர் தாவிதே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நியாயம்தான். காளான் பார்ப்பது என் தொழில். திங்களும் வியாழனும் சுகாதார அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். காட்டில் பறித்ததை ஜனங்கள் கூடையோடு கொண்டுவந்து என் மேசையில் கொட்டுவார்கள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, தின்னலாம், தின்னக் கூடாது என்று பிரித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். இத்தாலியின் இந்தப் போர்மிதா பள்ளத்தாக்கில் என் மேசைக்கு வராத கூடை ஒன்றே ஒன்றுதான். என் மாமனார் எவாசியோவின் கூடை.

"அம்பது வருஷமா காட்டுல பொறுக்குறேன். எனக்கு என் மருமக சீட்டு எழுதணுமா?" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் அன்று, அவர் எண்ணெயில் ஊறப்போட்டிருந்த காளான் ஜாடி ஒன்றைச் சந்தேகப்பட்டுக் குப்பையில் கொட்டினேன். பரிசோதனையில் அது முதல் தரக் காளான் என்று வந்தது. அன்றிலிருந்து ஊர் முழுக்க எனக்கு ஒரு பெயர். வீட்டுக்கு யார் வந்தாலும், "இவ நொயேமி. எங்க மருமக. இவ பக்கத்துல உக்காந்தா பட்டினிதான்," என்று அறிமுகம் செய்வார். நானும் சிரித்து வைப்பேன். உள்ளே எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் லொரெதானாவுக்குப் பேசி முடித்த சம்பந்தம் முதல் தடவையாகச் சாப்பிட வந்திருந்தது. மாப்பிள்ளையும் அவன் அப்பா ஓர்லாந்தோவும், அம்மாவும். ஜெனோவாக்காரர்கள், கடல் மீனைத் தின்று வளர்ந்தவர்கள். அவர்களுக்கு மலைச் சாப்பாடு என்றால் என்னவென்று காட்ட மாமா மூன்று நாளாகக் காட்டிலேயே கிடந்தார். பச்சை மசாலாவில் நெத்திலி, முட்டை மாவில் இழைத்த நூல் பாஸ்தா, திராட்சை மதுவில் வெந்த மாட்டுக்கறி எல்லாம் பின்னால் வரும். முதலில் வருவது முட்டைக்காளான். பச்சையாக, காகிதம் போலச் சீவி, எலுமிச்சை, எண்ணெய், உப்பு, மேலே பார்மெசான் சீஸ் சீவல். செப்டம்பரில் எங்கள் பக்கம் இதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது.

இந்தக் காளான் மண்ணிலிருந்து வரும்போது வெள்ளை ஓட்டுக்குள் கோழிமுட்டை மாதிரிதான் இருக்கும். ஓடு வெடித்து ஆரஞ்சுத் தொப்பி வெளியே வந்த பிறகே பறிக்க வேண்டும் என்று சட்டம். ஆனால் மூடின முட்டைக்குத்தான் ருசி என்று எல்லாரும் திருட்டுத்தனமாக அதையே பறிப்பார்கள். சட்டத்துக்குக் காரணம் உண்டு. ஆளைக் கொல்கிற பச்சைத்தொப்பிக் காளானும் இதே மாதிரி வெள்ளை முட்டையாகத்தான் முளைக்கும், இதே மரத்தடியில். கத்தியால் இரண்டாக அறுத்தால் தெரிந்துவிடும். உள்ளே மஞ்சள் என்றால் விருந்து, வெள்ளை என்றால் சாவு. எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

சாப்பிட உட்கார்ந்ததுமே மாமா முகத்தைச் சுளித்தார்.

"ஏன் பினோத்தா, சம்பந்தி வர்ற நாளுல இந்தப் பழந்துணியதான் விரிக்கணுமா? மஞ்சப் பூத்துக் கெடக்கு."

அத்தை பினோத்தாவுக்கு முகம் செத்துவிட்டது. "காலைலதான் தொவைச்சு இஸ்திரி போட்டேன்," என்றாள்.

"நீ தொவைச்ச லட்சணம்."

விருந்தாளிகள் முன்னால் எதற்கு என்று அத்தை அடங்கிவிட்டாள். எனக்கோ எரிச்சல். துணி பளீரென்று இருந்தது. குறை சொல்லாமல் இந்த மனிதருக்குச் சோறு இறங்காது என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டுவிட்டேன். அதை இன்னும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

தட்டுகள் வந்தன. பறித்தவர் முதல் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் தொட வேண்டும், இந்த வீட்டு வழக்கம் அப்படி. மாமா கோப்பையைத் தூக்கிக்கொண்டு, அந்த முட்டைகள் கிடைத்த இடத்தைச் சொல்லாமலே கால் மணி நேரம் அந்த இடத்தைப் பற்றிப் பேசினார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சோதனை போட நினைக்கவில்லை. ஆனால் கண் பழகிப்போனது.

ஒவ்வொரு சீவலுக்கும் ஓரத்தில் நூல் கட்டின மாதிரி ஆரஞ்சுக் கோடு, அதற்குக் கீழே மஞ்சள் மடிப்பு. நல்ல காளான். இன்னொன்று, அதுவும் நல்லது. சீஸை முள்கரண்டியால் ஒதுக்கினேன். அதன் அடியில் ஒரு சீவல். ஓரத்தில் கோடு இல்லை. மடிப்பு வெள்ளை.

சீஸாக இருக்கும் என்று தொட்டுப் பார்த்தேன். சீஸ் உதிரும், இது வளைந்தது.

எதிரே ஓர்லாந்தோவின் தட்டைப் பார்த்தேன். அதிலும் ஒன்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கிறிஸ்துமஸ் ஜாடிதான். மறுபடியும் தப்பாகிவிட்டால்? லொரெதானாவின் சம்பந்தம் என்னால் கெட்டுப்போனால்? தாவிதேவைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே, வேண்டாம் என்றார். நான் இரண்டு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருந்தேன்.

அந்த நேரத்துக்குள் மாமா ஒரு பெரிய கரண்டி அள்ளி வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டார். ஓர்லாந்தோ கரண்டியைத் தூக்கினார்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "கரண்டியக் கீழ வைங்க. எல்லாரும்!"

ஓர்லாந்தோவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஆரம்பிச்சுட்டாய்யா," என்றார் மாமா. "நான் சொல்லல? இவ பக்கத்துல உக்காந்தா பட்டினிதான்."

"மாமா, இதுல வெள்ளக் காளான் கலந்திருக்கு. துப்புங்க. தயவுசெஞ்சு போய் வாந்தி எடுங்க."

"ஒவ்வொன்னையும் என் கையால அறுத்துப் பாத்தேன்டி. பதினோரு முட்டை. பதினொன்னும் மஞ்சக்கரு." சொல்லிக்கொண்டே, என் முகத்தைப் பார்த்தபடி, இன்னொரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்பா!" என்றாள் லொரெதானா. அவள் கோபம் என் மேல்தான். "அண்ணி, இன்னிக்குத்தான் கிடைச்சுதா உங்களுக்கு?"

மேசையில் இருந்த தட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். குப்பை வாளியைத் தரையில் கவிழ்த்தேன். எலுமிச்சைத் தோல், நெத்திலி முள், காபித் தூள். அதற்கு நடுவே, சீவ முடியாமல் போட்ட அடித்துண்டுகள், மண் ஒட்டின ஓட்டோடு. அவர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொன்றையும் நேர் பாதியாக அறுத்திருந்தார். சுத்தமான அறுப்பு. ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு தட்டில் வைத்தேன். ஒன்பது, உள்ளே மஞ்சள். இரண்டு, உள்ளே சுண்ணாம்பு வெள்ளை.

அறுத்துப் பார்த்திருக்கிறார். பார்த்தும் போட்டிருக்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். நல்லதில் ஒன்று, கெட்டதில் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினேன்.

"இது ரெண்டும் என்ன நிறம் மாமா?"

"மஞ்ச."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான். உனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

ஓர்லாந்தோ எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்தார். தாவிதேவின் கை என் தோளில் வந்து விழுந்தது. அத்தை மட்டும் தட்டைப் பார்க்கவில்லை. அவள் மேசைத் துணியின் ஓரத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தாள்.

"எவாசியோ," என்றாள் மெதுவாக. "இந்தத் துணி என்ன நிறம்?"

"மஞ்சன்னு அப்பவே சொன்னேனே."

"வெள்ள. எவாசியோ, இது வெள்ள."

அவர் துணியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஓர்லாந்தோவின் சட்டையைப் பார்த்தார். கண்ணில் புரை விழுந்தால் உலகமே பழுத்த நிறத்தில்தான் தெரியும், அதுவும் ஒரே நாளில் வருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வரும். வருகிறது என்று ஆளுக்கே தெரியாது. தெரிந்திருந்தாலும் டாக்டரிடம் போகிற ஆளா இவர்?

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் மாமா. இப்பவே."

"எனக்கு ஒன்னும் ஆகல. கல்லு மாதிரி இருக்கேன். பாரு," என்று நெஞ்சைத் தட்டினார். குரலில் பழைய திமிர் பாதிதான் இருந்தது.

"இது ஒடனே காட்டாது. சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருப்பீங்க. அதுக்கப்புறம் போனா டாக்டரால ஒன்னும் பண்ண முடியாது."

"நான் இந்த வீட்ட விட்டு வரமாட்டேன். சம்பந்தி முன்னாடி என்னைய ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போவியா? செத்தா இங்கயே சாகுறேன்." நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தாவிதே கெஞ்சினார், லொரெதானா அழுதாள். அந்தக் கை அசையவில்லை. இந்த ஆளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அன்றைக்கு அவர் காலில் விழவும் தயாராக இருந்தேன்.

அப்போது அத்தை தொண்டையைச் செருமினாள்.

"எவாசியோ. நான் உப்புப் பாத்தேன்."

அவர் திரும்பினார்.

"எப்ப?"

"எலுமிச்ச பிழிஞ்சப்புறம். மூணு நாலு சீவல் இருக்கும். நல்லா இருந்துச்சேன்னு இன்னும் ரெண்டு தின்னேன்."

நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் தொப்பியைத் தேடவில்லை, கோட்டைத் தேடவில்லை. அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். "வண்டிய எடுடா தாவிதே! மரம் மாதிரி நிக்கிற!" என்று அங்கிருந்து கத்தினார். நான் அந்த இரண்டு வெள்ளைத் துண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடினேன். மலைப் பாதையில் நாற்பது நிமிஷம். வழி முழுக்க அவர் பேசியது ஒரே ஒரு வார்த்தை. "வேகமா."

வயிற்றைக் கழுவினார்கள். கரி கரைத்துக் குடிக்க வைத்தார்கள். ஊசி, குழாய், திரும்பத் திரும்ப ரத்தம். அப்படியும் சாயங்காலம் அத்தைக்கு வாந்தி தொடங்கியது, ஒரு மணி நேரம் கழித்து அவருக்கு. மறுநாள் இரண்டு பேருக்கும் தேவலை போல இருந்தது. லொரெதானா சந்தோஷப்பட்டாள். நான் படவில்லை. இந்த விஷம் ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டுத்தான் ஈரலுக்கு வரும். மூன்றாம் நாள்தான் கணக்கு. மூன்றாம் நாள் கண்ணும் தோலும் மஞ்சளானால் ஈரல் போய்விட்டது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் காலை நான் உள்ளே போனபோது அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்துக் கட்டிலில் இல்லை. கையில் குழாயோடு, ஊசி மாட்டின கம்பியையும் தள்ளிக்கொண்டு வந்து அவள் தலைமாட்டில் நின்றிருந்தார். குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ தெரியாது.

"நொயேமி," என்றார். என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டே வருஷக்கணக்காகிறது. "டாக்டர் சொன்னாரு, மஞ்சளாச்சான்னு பாத்துக்கிட்டே இருங்கன்னு. நான் ராத்திரி பூரா பாக்குறேன். எனக்கு மஞ்சளாத்தான் தெரியுது."

உதடு கோணிக்கொண்டது அவருக்கு.

"எனக்கு எல்லாமே அப்படித்தானே தெரியும். நீ பாத்துச் சொல்லும்மா."

நான் ஜன்னல் திரையை முழுக்க விலக்கினேன். என் மேசையில் கூடையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன், அவசரப்படாமல். அத்தையின் நெற்றி, உள்ளங்கை, நகம். அப்புறம் இமையை விரலால் மெல்லத் தூக்கினேன். அவள் முனகிக்கொண்டே விழித்தாள்.

"வெள்ள மாமா," என்றேன். "கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தார். பிறகு என் முழங்கையைத் தொட்டார்.

"இன்னொரு தடவ பாரு."