எதுவும் கொடுக்காத எலிகள்

ஆர்டிஸ் ஹோம்குவிஸ்ட் ஆராய்ந்தது கரு ஏன் ஆரம்பத்திலேயே கலைகிறது என்பதை. கருவைக் கலைக்கும் மருந்து கொடுத்த சுண்டெலிகளுக்குக் கலைந்தால் அதில் அதிசயமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, எதுவும் கொடுக்காமல் வைத்திருந்த எலிகளுக்கும் கலைந்ததுதான் அவளை உறுத்தியது.

தீவனத்தைச் சோதித்தாள், தண்ணீரைச் சோதித்தாள். குறை இல்லை. பிறகு அவள் சந்தேகம் ரோலண்ட் பெக்கோர் மேல் திரும்பியது. பக்கத்து அறையில் ஆண் எலிகளை வைத்து, அதே கேள்விக்கு வேறு வழியில் விடை தேடிக்கொண்டிருந்தவன். அவள் தோற்றால் யாருக்கு லாபம்?

ஒருநாள் மதியம், சாப்பிடப் போவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால், ரோலண்ட் அவளுடைய எலி ஒன்றைக் கையில் தூக்கி வைத்திருந்தான்.

"என்ன பண்ற நீ?"

அவன் திடுக்கிட்டான். "நீ சாப்பிடப் போறப்பல்லாம் நான் கூண்டு மாத்துறேன். போன மாசம் உனக்கு அப்படி ஆனதுலேருந்து ரொம்ப சோர்வா இருக்க. இந்த வேலையாவது குறையட்டுமேன்னு..."

அவளுக்கும் கரு கலைந்திருந்தது. அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அதையே சாக்காகச் சொல்கிறானே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்த?"

"என் ஆண் எலிங்க கிட்ட."

"இதே கையுறையோடவா?"

ரோலண்ட் தன் கைகளைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. புதிதாய்க் கருத்தரித்த சுண்டெலி, அறியாத ஆணின் வாடை பட்டாலே கருவை இழந்துவிடும். அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

"உனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும் ஆர்டிஸ். ஆனா சத்தியமா அப்போ தோணல."

அவள் அறையின் பூட்டு எண்ணை மாற்றினாள். புது எலிகளை வைத்து, தானே கூண்டு மாற்றி, முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை, எதுவும் கொடுக்காத எலிகள் எல்லாம் குட்டி போட்டன.

செய்தியை ரோலண்டிடம் சொன்னாள். "அப்போ நான்தான்," என்றான். கண் கலங்கியிருந்தது.

"ஆமா," என்றாள் அவள்.

அது உண்மையான கண்ணீர்தான் என்று பாதி மனம் நம்பியது. பூட்டின் புது எண்ணை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.