படத்தின் மூலையில் ஒரு பெயர்

தொண்ணூறுகளின் நடுவில் வியட்நாமின் சைகோனில் புதிது புதிதாக ஓவியக் கூடங்கள் திறந்தன. டான் சோன் நாட் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்த்த எலென், தான் வரைந்த படங்களைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொரு கூடமாக ஏறி இறங்கினாள். படங்களில் இருந்தவர்கள் விமான நிலைய வாசலில் நின்றவர்கள். பல வருடம் கழித்துத் திரும்பும் உறவினரை அடையாளம் தெரியுமோ தெரியாதோ என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

இதற்கு முன் எங்கே கண்காட்சி வைத்தீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நகரின் மையமான டிஸ்ட்ரிக்ட் 1இல் கூடம் நடத்திய ஜூல் என்ற பிரெஞ்சுக்காரர் மட்டும் படங்களை விரித்துப் பார்த்தார். நன்றாக இருக்கின்றன என்றார். பிறகு மூலையில் இருந்த 'எலென் இக்னாஸ்' என்ற கையெழுத்தைக் காட்டினார்.

"இங்கே வருகிறவர்கள் வியட்நாமியர் வரைந்ததைத் தேடி வருகிறார்கள். உங்கள் அம்மாவின் பெயரைப் போடுங்கள், அடுத்த மாதமே மாட்டுகிறேன்."

அம்மா லான் வியட்நாமியர். அப்பா இக்னாஸ் காரைக்கால்காரர். எழுபத்தைந்தில் போர் முடிந்து ஆட்சி மாறிய பிறகும் சைகோனை விட்டுப் போகாத சில தமிழரில் ஒருவர். அவர் கோபப்படுவார் என்று எண்ணித்தான் ஜூல் கேட்டதை எலென் அவரிடம் சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"போட்டுட்டுப் போயேம்மா. இக்னாஸ் மட்டும் நம்ம பேரா? எங்க தாத்தா பேரு நல்லசிவம். பிரெஞ்சுப் பேரு வச்சாத்தான் நல்ல உத்தியோகம்னாங்க, குடும்பப் பேரையே இக்னாஸ்னு மாத்திக்கிட்டாரு."

அதுவரை அவர் அதைச் சொன்னதில்லை. எலெனுக்கு அது ஆறுதலாக இல்லை. அவள் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. சில நாள் தூரிகையைத் தொடவில்லை. பிறகு பழைய கையெழுத்துகளை வண்ணம் பூசி மூடிவிட்டு, லான் என்று எழுதினாள்.

திறப்பு நாளில் அம்மா பட்டுடுத்தி வந்தார். படத்துக்குப் படம் தன் பெயரைக் குனிந்து படித்தார். எனக்கு வரையத் தெரியாதே, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மகளிடம் மெல்லக் கேட்டார். ஆனாலும் கூடம் மூடும்வரை நகரவில்லை.

படங்கள் சில விற்றன. அடுத்த முறை களைத்த முகங்கள் வேண்டாம், தாமரைக் குளம் வரையுங்கள் என்றார் ஜூல். எலென் மறுத்து, மிச்சப் படங்களை எடுத்துக்கொண்டாள்.

விமான நிலையம் பக்கம் காபிக் கடை வைத்திருந்த தோழி ஏவ்லின் படம் மாட்டத் தன் கடைச் சுவரைக் கொடுத்தாள். கூடங்கள் திருப்பி அனுப்பிய இன்னும் இரண்டு ஓவியர்களை எலென் அழைத்துவந்தாள். மூவரும் சேர்ந்து மாட்டினார்கள். காபி குடிக்க வந்தவர்கள் பார்த்தார்கள், சிலர் வாங்கவும் செய்தார்கள்.

ஒருநாள் ஜூல் வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மற்ற இருவரில் ஒருவனைத் தன் கூடத்துக்கு அழைத்தார். அவன் தயங்கி எலெனைப் பார்த்தான். போ என்றாள். அவன் படங்களுக்குச் சட்டம் அடிக்க அவளும் கூட உட்கார்ந்தாள்.