காலண்டருக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் அழகையா செத்து ஒரு வருடமும் நாலு நாளும் ஆகின்றன. இன்னமும் மாதத்துக்கு இருபது முப்பது பேர் அவருக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். "அண்ணன் செம காமெடி" என்று ஒருவர். "இப்படி ஒரு புருசன் கெடச்சா நானும் சிக்கனமா இருப்பேன்" என்று திருச்சியிலிருந்து ஒரு பெண். போன வாரம் ஒருத்தி, "அடுத்த வீடியோவுல அண்ணனை முகத்தோட காட்டுங்க" என்று கேட்டிருந்தாள். எங்கே போய்க் காட்டுவது? தெமோதரைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மயான மேட்டில் மண்ணுக்குள் கிடக்கிறார்.

அவர்கள் பார்க்கிற அந்த யூடியூப் வீடியோவில் அவர் முகம் வராது. ஏழாவது நிமிடத்தில் எங்கள் அடுப்படி வரும். சுவரில் காலண்டர் வரும். அதைக் காட்டி நான் பல்லை இளித்துக்கொண்டு நிற்பேன். கதவோரம் நீலச் சட்டை போட்ட ஒரு முழங்கை தெரியும். அப்போது குரல் வரும். "காலண்டருக்கும் பொட்டு வச்சாச்சு. இனிமே அதுதான் வீட்டுக்காரரு. நான் சும்மா வாடகைக்கு இருக்கேன்." பிறகு ஒரு சிரிப்பு. மொத்தம் பதினொரு விநாடி. இந்த உலகத்தில் அவர் குரல் என்று மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

சேனலின் பெயர் 'அளவான வீடு'. நடத்துகிறவர் தர்மிளா மிஸ், யாழ்ப்பாணத்துக்காரர், பதுளை டவுனில் டீச்சர். எங்கள் மகள் சுபாஜினி கொழும்பில் கடை வேலைக்குப் போன புதிதில் எனக்கொரு போன் வாங்கிக் கொடுத்தாள். சாமான் விலையெல்லாம் ஏறிக் கிடந்த காலம். போனைத் திறந்தால் இந்த மிஸ்தான் வந்து நிற்பார். சோப்புத் துண்டுகளை ஒட்டி வையுங்கள், பருப்பு வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிக்கனப் பாடமா? மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிற கதைதான்.

ஆனால் அந்த மிஸ் ஒரு வேலை செய்தார். நாங்கள் இல்லாமையால் செய்ததையெல்லாம் அவர் கெட்டிக்காரத்தனம் என்றார். கருவாட்டுத் தலையை வீசாமல் குழம்பு வைக்கிறவளைப் புத்திசாலிப் பெண் என்றார். இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள் நான். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் காலையில் கங்காணி வாயால் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அதிகம். புத்திசாலி என்று யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன்.

அப்புறம்தான் 'செலவில்லா முப்பது நாள்' வந்தது. ஒரு ரூபாய்கூடக் கையை விட்டுப் போகாத நாளைக் காலண்டரில் குறிக்க வேண்டும். முப்பதும் தொடர்ச்சியாக வந்தால் மிஸ் நம் பெயரை வாசிப்பார். எல்லாரும் பேனாவால் கோடு போட்டார்கள். நான் என் ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை எடுத்து ஒட்டினேன். சிவப்புப் பொட்டு, கட்டத்துக்கு ஒன்று. பார்க்க லட்சணமாக இருந்தது.

விதியெல்லாம் மிஸ் போட்டதுதான். மருந்தும் பஸ் காசும் அவசியம், கணக்கில் வராது. வெற்றிலையும் பலகாரமும் ஆட்டோவும் ஆடம்பரம். "பஸ் இருக்கேக்க ஏன் ஆட்டோ?" என்று கேட்டார். அவர் வீட்டு வாசலில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் போகும். எங்கள் லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு மூன்று மைல். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றேன்.

எனக்காக என் வீட்டுக்காரரும் வெற்றிலையை விட்டார். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுதான் சொன்னாங்க. இவ ஆத்தையே அளந்துக்கிட்டு இருக்கா" என்று லயமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பொட்டு வைத்த காலண்டரைக் கேள்விப்பட்டு இருபதாம் நாள் தர்மிளா மிஸ் எங்கள் வீட்டுக்கே வந்து வீடியோ எடுத்தபோதுதான் அந்தப் பதினொரு விநாடி அதில் விழுந்தது.

இருபத்திரண்டாம் நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. வேலையில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியும் பூட்டு. காலை பத்து மணி இருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கலா, ஒரு மாதிரியா இருக்கு. பதுளைக்குப் போயி காட்டிட்டு வந்தா என்னா?"

"போயிட்டு வாங்களேன்."

"ஸியாம் கடையடியில நிக்கிறான். ஆட்டோவுல போயிரவா?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. திரும்பிக் காலண்டரைப் பார்த்தேன். ஒரு பார்வை. இருபத்தொரு பொட்டு வரிசையாக இருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"சரி சரி, பொட்டுக்காரி. பஸ்ஸே போதும்" என்று சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

பாதி இறக்கத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். புல் அறுக்கப் போன வேலாயி பார்த்துவிட்டு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "வலின்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரே" என்று சாவு வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நானும் தலையை ஆட்டினேன். சுபாஜினியிடமும் அதையே சொன்னேன். அந்தப் பார்வையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் நாள், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்த நேரத்தில் போனில் மணி அடித்தது. 'அளவான வீடு' புது வீடியோ. கை தானாகப் போய் அழுத்திவிட்டது. கொஞ்ச நேரத்தில், "இனிமே அதுதான் வீட்டுக்காரரு" என்று அவர் குரல் கேட்டது. இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் போனைப் பார்க்கவில்லை.

மிஸ்ஸுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் மரியாதைக்கு வீடியோவை எடுத்துவிடுவார். குரலும் அதோடு போய்விடும்.

கருமாதி முடிந்தது. அப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்குகிறது. செலவில்லாத நாட்கள் தானாக வர ஆரம்பித்தன. ஒரு வயிறு. ஒரு கோப்பைத் தேத்தண்ணி. மூன்று நாள், ஐந்து நாள் என்று கையிலிருந்து காசே போகவில்லை. பொட்டுப் பாக்கெட் பாதி மிச்சம் இருந்தது. நெற்றியில் வைக்க இனி வழியில்லை. காலண்டரில் ஒட்டினேன். போன மாதம் இருபத்தாறு பொட்டு. போனுக்கு டேட்டா போட்டு அந்தப் பதினொரு விநாடியைக் கேட்கிற நாள் மட்டும் கட்டம் வெறுமையாக இருக்கும்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் பொட்டு ஒட்டிவிட்டு நான் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம், முதுகுக்குப் பின்னால் வாசற்படியில் ஒருவர் உட்கார்ந்து, நான் பார்ப்பதைப் பார்க்கிறார். திரும்பினால் யாரும் இல்லை. திரும்பாவிட்டால் இருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் கோபமாக இருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டு இருக்கிறாரே என்றுதான் பயம்.

நேற்று ஞாயிறு. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஸியாமின் ஆட்டோ வந்து லயத்து முன்னால் நின்றது. தர்மிளா மிஸ் இறங்கினார். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, எனக்குச் சத்தியமாத் தெரியாது. முந்தநாள் ஆரோ கீழ எழுதியிருந்தினம், அந்த ஐயா அந்தக் கிழமையே செத்திட்டார் எண்டு. ஏன் அக்கா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னா வீடியோவ எடுத்துருவீங்கன்னு பயந்தேன் மிஸ்."

"எடுக்கத்தான் கேக்க வந்தனான். அதுக்கு முதல் உங்களுக்கு ஒண்டு காட்டோணும். நான் வெட்டி வச்ச துண்டு."

அவருடைய போனை என் கையில் வைத்தார். அன்றைக்கு நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போயிருக்கிறேன். போனைத் தட்டில் சாய்த்து வைத்துவிட்டு மிஸ் நிறுத்த மறந்திருக்கிறார். படத்தில் காலண்டர் மட்டும் இருந்தது. குரல் வந்தது.

"மிஸ், இந்த நெஞ்சு எரிச்சலுக்கு உங்க சேனல்ல ஏதும் வைத்தியம் இருக்கா? மூணு நாளா இடது கையெல்லாம் இழுக்குது."

"டொக்டரிட்டக் காட்டுங்கோ ஐயா."

"காட்டுவம், காட்டுவம். முப்பது முடியட்டும். அவகிட்ட சொல்லிறாதீங்க. வெளக்கு வச்சப்புறம் அந்தப் பொட்ட ஒட்டிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பா பாருங்க. கட்டிக்கிட்டு வந்து இருபத்தாறு வருசத்துல அந்தச் சிரிப்ப நான் பாத்ததில்ல மிஸ். இன்னும் பத்து நாள்தானே."

மிஸ் சிரிக்கும் சத்தம். "சரி ஐயா, சொல்லமாட்டன்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு வருடம் பதினொரு விநாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டவளுக்கு அவர் புதிதாகப் பேசினால் எப்படி இருக்கும்? இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். அப்புறம்தான் வார்த்தைகள் உள்ளே இறங்கின. மிஸ் மேல் கோபம். அவர் மேல் அதைவிடக் கோபம். என் சிரிப்பைக் காப்பாற்ற நெஞ்சு வலியோடு நடந்து போகச் சொன்னது யார்?

மிஸ் அழுதுகொண்டிருந்தார். "நான் சிரிச்சனான் அக்கா. அண்டைக்கு உங்களிட்டச் சொல்லியிருந்தா ஐயா இருந்திருப்பார்."

"சொல்லியிருந்தா நான் என்னா செஞ்சிருப்பேன்னு உங்களுக்குத் தெரியுமா மிஸ்?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவரே என்கிட்ட ஆட்டோ கேட்டாரு. இந்தா, இந்த எடத்துல நின்னு நான் காலண்டரப் பாத்தேன். அவரு அதப் பாத்துட்டு நடந்தாரு. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வீடியோவ எடுக்காதீங்க" என்றேன். "வெட்டுனதையும் சேத்துப் போடுங்க. நான் இப்ப சொன்னதையும் எடுத்துப் போடுங்க."

"அக்கா, சனம் உங்களைத் திட்டும்."

"திட்டட்டும். ஒரு வருசமா வாழ்த்துறாங்க. அதையே தாங்கிட்டேன்."

மிஸ் போனை அதே தட்டில் சாய்த்து வைத்தார். நான் சொன்னேன். சுபாஜினியின் பெயரைச் சொல்லி, மகளே, உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். கடைசிவரை காலண்டர் பக்கம் திரும்பவில்லை.

மிஸ் கிளம்பியபோது நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். "மதகு வரைக்கும் வர்றேன். போனுல நேரம் பாத்துக்கிட்டே வாங்க" என்றேன். கல் ரோட்டில் ஆட்டோ குலுங்கிக் குலுங்கி இறங்கியது. அவர் தனியாக நடந்த வளைவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மதகடியில் ஸியாம் நிறுத்தினான்.

"ஆறு நிமிசம் அக்கா" என்றார் மிஸ், மெதுவாக.

முந்தானையில் முடிந்திருந்த அறுநூறு ரூபாயை அவிழ்த்து ஸியாமிடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாங்க்கா. அன்னைக்கும் நானாத்தான் கூப்பிட்டேன், 'ஏறுங்கண்ணே, காசு பொறவு தாங்க'ன்னு. 'காசு இருக்குடா. ஏறுனா வீட்ல ஒரு பொட்டு கொறஞ்சிரும்'ன்னு சிரிச்சிட்டே போனாரு. அது என்னான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல."

நான் காசை அவன் சட்டைப் பையில் திணித்தேன். ஆட்டோ வளைவில் மறையும்வரை மதகில், அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மேலே நடந்தேன். வீடு வந்து சேர நாற்பது நிமிடம் பிடித்தது.