செத்த நாட்டுக்கு முகம் எதற்கு?

அந்த வீடியோ கேமில் நம் நாடு செத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது. நம் நாடு என்றால் சாட்சாத் நம் நாடேதான். பேரை மாற்றி, கொடியை மாற்றிப் பூசி மெழுகுகிற வேலையெல்லாம் கிடையாது. முதல் பாகத்திலேயே பெரிய யுத்தம் வந்து உலகம் அழிந்தது. மற்ற நாடுகளுக்கெல்லாம் ஒளிந்து வாழும் கூட்டம், திருடன், வீரன் என்று ஏதாவது ஒன்று மிஞ்சியது. நமக்கு மட்டும் வரைபடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. ஆடுகிறவன் எல்லை கேட் வரைக்கும் வரலாம், எட்டிப் பார்க்கலாம், வந்த வழியே திரும்பிப் போகலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த கேமில் வருகிற மனிதர்களுக்கு முகம் செய்து கொடுப்பதே நம் ஊர் ஆபீஸ்தான். தலைமை ஆபீஸ் கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே இரண்டாவது மாடியில் ஜன்னல் திறக்காத ஒரு ஹால், அதில் வரிசையாகத் திரைகள், ஒவ்வொரு திரையிலும் உடம்பில்லாத ஒரு தலை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

கதைக்காரி என்றால் அந்த ஆபீஸில் அவள் ஒருத்திதான். கேமின் பின்கதைக்குக் காவல் அவள். எந்த வருஷம் எந்த ஊர் எரிந்தது, யாரை யார் கொன்றது எல்லாம் அவள் விரல் நுனியில் இருக்கும். இரண்டாம் பாகத்தில் செத்தவன் மூன்றாம் பாகத்தில் டீ குடிக்க வந்து உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் சம்பாத்தியம். முகப்பிரிவுக்குப் பொறுப்பு அவள் புருஷன். அதே பிரிவில் தலைமுடியும் தோலும் செய்கிறவள் அவள் நாத்தனார். கட்டினவன் விட்டுவிட்டுப் போன பிறகு, ஆறு வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு இந்தச் சம்பளத்தில்தான் மூச்சு விடுகிறாள்.

அன்றைக்குக் காலையில் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். "நாலாம் பாகம் நம்ம நாட்டுல நடக்குதுப்பா!" என்றார். ஹாலே விசிலடித்தது. மனுஷன் முகத்தில் மட்டும் சிரிப்பைக் காணோம்.

"ஆனா வெறும் நாடு. இடிஞ்ச கட்டடம், எலும்புக்கூடு, அவ்வளவுதான். உயிரோட ஆளே கிடையாது."

"எலும்புக்கூட்டுக்கு முகம் வேணாமே சார்" என்றார் புருஷன்.

"அதத்தான்..." என்று மென்று முழுங்கினார் மேனேஜர். "முகப்பிரிவ இந்த மாசத்தோட மூடிடச் சொல்றாங்க."

விசிலடித்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனார் கையிலிருந்த காப்பியை யார் மேஜை என்றுகூடப் பார்க்காமல் வைத்துவிட்டு வெளியே போனாள். கதைக்காரி வாசலையே பார்த்தாள். புருஷனுக்கு வேறு எங்காவது வேலை கிடைத்துவிடும். நாத்தனாருக்கு? பள்ளி வேனுக்காகச் சீக்கிரமே வீட்டுக்கு ஓடுகிற ஒற்றைத் தாயை எவன் சேர்த்துக்கொள்வான்?

"மதியம் தலைமை ஆபீஸ் மேடம் லைன்ல வருவாங்க" என்றார் மேனேஜர் கதைக்காரியிடம். "நீ பேசிப் பாரும்மா. நாட்டுல நாலு பேர் பொழச்சிருந்தாங்கன்னு ஏதாவது வழி இருக்கா பாரு."

வழியை அடைத்துக்கொண்டு நின்றது ஒரே ஒரு குரல். முதல் பாகத்தில் எல்லை கேட்டில் ஒரு காவல்காரன் வருவான். ரேடியோவில் அவன் பேசுவது இவ்வளவுதான்: "உள்ள ஒரு உயிர் இல்ல. கேட்டை இழுத்துப் பூட்டிட்டேன்." அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. வெளிவந்த பாகத்தில் ஒருவன் வாய் திறந்து சொல்லிவிட்டால் அது வேதம். படத்தை மாற்றலாம், எழுத்தை மாற்றலாம். லட்சம் பேர் காதால் கேட்டதை மட்டும் இல்லையென்று சொல்லக் கூடாது. சொன்னால் ஆடுகிறவர்கள் நார் நாராகக் கிழித்துவிடுவார்கள்.

அவள் அந்தக் காட்சியையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். 

"அதையே எத்தன தடவ கேப்ப?" என்று எரிந்து விழுந்தார் புருஷன். "நீ கேக்கக் கேக்க அவன் வேற மாதிரி சொல்லிடுவானா?"

"அண்ணா, நீ சும்மா இரு. அண்ணி யோசிக்கறாங்க" என்றாள் நாத்தனார். கண் சிவந்திருந்தது. முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

கதைக்காரி சட்டென்று படத்தை நிறுத்தினாள். "ஏங்க, உள்ள ஒருத்தருமே இல்லன்னா எதுக்குப் பூட்டினான்?"

"வெளிய இருந்து யாரும் போகாம இருக்க."

"அப்ப கோபுரத்துத் துப்பாக்கி எந்தப் பக்கம் பாக்குது? நல்லாப் பாருங்க."

புருஷன் திரையோடு மூக்கை ஒட்டினார். கோபுரத்துத் துப்பாக்கி, விளக்கு, முள்வேலியின் சாய்வு எல்லாமே உள்பக்கம் பார்த்து நின்றன. பத்து வருஷமாக லட்சம் பேர் பார்த்த படம். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. "அடிப்பாவி" என்றார் அவர். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மதியம் மேனேஜர் அறைத் திரையில் மேடம் வந்தாள். கறாரான ஆள். அவள் பேசுவது வேறு பாஷை. இங்கே நம் பாஷையில் சொல்லிவிடலாம். "காவல்காரன் சொன்னது சொன்னதுதான். நான் மாத்த மாட்டேன்" என்றுதான் ஆரம்பித்தாள்.

"மாத்த வேணாம் மேடம். அவன் அப்படித்தான் சொன்னான்" என்றாள் கதைக்காரி. "ஆனா அவன் பொய் சொன்னான். உள்ள உயிர் இருந்தது. வெளிய விடாம பூட்டினதே அவன்தான்."

துப்பாக்கியையும் வேலியையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மேடம் ஒலியை அணைத்துவிட்டு, பக்கத்தில் யாரிடமோ பேசினாள். உதடு மட்டும் அசைந்தது. மேனேஜர் பக்கத்து நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே முகப்பிரிவு மொத்தமும் வேலை செய்கிற மாதிரி பாவலா காட்டிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தது.

ஒலி திரும்ப வந்தது. மேடம் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "பிரமாதம்! அப்ப உள்ள ஆளுங்க இருக்காங்க. சரி, பத்து வருஷமா என்ன சாப்பிட்டாங்க?"

கதைக்காரி இதை எதிர்பார்க்கவில்லை. "ஏதாவது பயிர்..."

"அங்க மண்ணுல புல்லுகூட முளைக்காதுன்னு ரெண்டாம் பாகத்துல வாய்விட்டுச் சொல்லியாச்சு. நீங்கதானே அதுக்குக் காவல்?"

"சேத்து வெச்சத..."

"பத்து வருஷத்துக்கா? விளையாடாதீங்க. ஒருத்தர ஒருத்தர் தின்னாங்க. வேற வழி இல்ல. ஆடுறவன் உள்ள போனதும் கூட்டம் கூட்டமா மேல வந்து விழுவாங்க. சுட்டுத் தள்ளிட்டே போகணும்."

"நல்லவங்களா கொஞ்சம் பேர் இருக்கலாமே மேடம்."

"தாராளமா. நல்லவங்கன்னா பத்துப் பேர் போதும். பழைய முகமே எங்ககிட்ட கெடக்கு, உங்க பிரிவு தேவைப்படாது. எதிரின்னாதான் நூறு நூறா வேணும், ஒவ்வொண்ணும் வேற வேற முகமா வேணும். நீங்களே சொல்லுங்க, எது?"

மேனேஜர் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். கண்ணாடிக்கு வெளியே நாத்தனார் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கதைக்காரி அவளைப் பார்த்தபடியே, "எதிரிங்கதான் மேடம்" என்றாள். அவள் சொன்னால் அது பின்கதை. தன் நாட்டு ஜனத்தை மொத்தமாகத் தன் வாயாலேயே நரமாமிசம் தின்ன வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே கொண்டாட்டம். யாரோ அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். நூறு முகத்துக்கு எங்கே போவது? ஆபீஸ் ஆட்களையே படமெடுத்து, பல்லை நீட்டி, கன்னத்தை ஒடுங்க வைத்தால் போயிற்று என்றார் புருஷன். அவ்வளவுதான், கேமரா முன்னால் வரிசை நின்றுவிட்டது. "எனக்கு நல்லா கோரைப் பல்லா வை அண்ணா, உன் சுயரூபம் தெரியுற மாதிரி உன் முகத்துக்கும் வெச்சுக்கோ" என்று நாத்தனார் கேலி பேச, ஹால் கொல்லென்று சிரித்தது. கதைக்காரியும் சிரித்தாள். பிழைத்தோம், அது போதும் என்றுதான் அந்த நிமிஷத்தில் இருந்தது.

அப்புறம்தான் மேடம் மறுபடியும், இந்தத் தடவை கதைக்காரியின் திரையிலேயே, லைனில் வந்தாள். அவசரம். காவல்காரனுக்குக் குரல் கொடுத்த நடிகரைக் கையோடு கூட்டிவந்து ஒலிப்பதிவு அறையில் உட்கார வைத்திருக்கிறாளாம். அவர் கிளம்புவதற்குள், காவல்காரன் உண்மையை ஒப்புக்கொள்கிற புதுப் பேச்சு தயாராக வேண்டும். 

"ஒரே ஒரு ஓட்டை இருக்கு" என்றாள். "அங்க குழந்தைங்க இருக்கக் கூடாது. குழந்தையச் சுடுற கேம எந்த நாட்டுலயும் விக்க விட மாட்டாங்க. ஏன் இல்லன்னு காவல்காரன் வாயால ஒரு வரி வேணும். அது இல்லாம இத நான் மேலிடத்துக்கு அனுப்ப முடியாது. அனுப்பலன்னா, பழைய திட்டம்தான்."

கதைக்காரி உட்கார்ந்தாள். யோசித்து ஒன்று எழுதினாள்: "பூட்டறதுக்கு முன்னாடி அவங்க பிள்ளைங்கள எல்லாம் கேட்டுக்கு மேல தூக்கிக் கொடுத்தாங்க. நான் வாங்கி வெளிய அனுப்பிட்டேன்." இதையாவது அவர்களுக்குக் கொடுத்தோமே என்று கொஞ்சம் நெஞ்சு ஆறியது.

மேடம் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "அழகா இருக்கு. ஆனா ஆகாது. பிள்ளைய இப்படிக் காப்பாத்தினவங்களச் சுட யாருக்குக் கை வரும்? ஆடுறவன் துப்பாக்கியக் கீழ வெச்சிருவான். சீக்கிரம் வேற எழுதுங்க, நடிகர் கிளம்பக் கோட்டு மாட்டிட்டிருக்கார்."

வேறு என்ன இருக்கிறது? எது மிச்சமோ அது அவளுக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். விரல் விசைமேல் நின்றது, அமுங்கவில்லை. மேனேஜர் பின்னால் நின்று, "ரெண்டு வார்த்தைதானே, போட்டுடும்மா" என்று கெஞ்சினார். "சார், நீங்க போங்க" என்று கத்திவிட்டாள். ஹாலில் கேமரா வரிசை திரும்பிப் பார்த்தது.

நாத்தனார்தான் எழுந்து வந்தாள். தோளுக்கு மேலிருந்து திரையைப் படித்தாள். மேடம் பேசியதெல்லாம் ஓரத்தில் எழுத்தாக ஓடியிருந்தது, இவள் எழுதியதும் அங்கேயே இருந்தது.

"தள்ளுங்க அண்ணி."

"நீ வேணாம். நீ போ, நான் பாத்துக்கறேன்."

"நீங்க எழுத மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?" நாத்தனார் குரல் கட்டையாக இருந்தது. "அங்க இருக்கறது பொம்மைப் பிள்ளைங்க. எம்பொண்ணு நிஜம். அவளுக்கு நாளைக்குச் சோறு வேணும்."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, நின்றபடியே தட்டினாள்: "பிள்ளைங்களா? மொத வருஷமே தின்னுட்டாங்க." ஒரு தடவைகூடத் திரும்பிப் படிக்காமல் அனுப்பினாள். 

பதில் வர நேரமே ஆகவில்லை. அருமை, இதேதான் என்றாள் மேடம். கொஞ்ச நேரத்தில் ஒலிப்பதிவும் வந்து சேர்ந்தது. அந்த வரி இனிமேல் யாராலும் மாற்ற முடியாத வேதம். மேனேஜர் கைதட்டினார். முகப்பிரிவு பிழைத்தது. 

கதைக்காரி நாத்தனாரின் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை உதறிவிட்டு, போனை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பேசினாள். "இன்னைக்கு வேன்ல ஏத்தாதீங்க மிஸ். நானே வர்றேன். அதுவரைக்கும் அவளை உங்க பக்கத்துலயே உக்கார வெச்சுக்கோங்க, வெளிய எங்கயும் விடாதீங்க" என்றாள். பள்ளி விட இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. பையைக்கூட எடுக்காமல் படியில் இறங்கி ஓடினாள்.