ஒரே நாளில் கங்கை

செல்வராஜ் ஆறு வருஷமாக ஹரித்வாருக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கார் டிரைவர் அவர். செப்டம்பர் பிறந்ததும் டைரியை விரித்து, சனிக்கிழமை காலையில் கிளம்புவது, அங்கே ஒரு ராத்திரி தங்குவது, ஞாயிறு திரும்புவது என்று எழுதுவார். மனைவி பொன்னம்மாள் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அப்புறம் அந்தச் சனிக்கிழமை டியூட்டி வந்துவிடும். மிஞ்சுகிற ஒரு நாளில் மகள் கனிமொழியையும் கூட்டிக்கொண்டு இந்தியா கேட் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு முனிர்காவில் இருக்கும் வாடகை அறைக்குத் திரும்புவார்கள்.

இத்தனைக்கும் அவர் கங்கையை மூன்று தடவை பார்த்தவர். அதிகாரிகளை அழைத்துப் போனபோது, கார் நிறுத்துகிற இடத்திலிருந்து. குளித்ததில்லை. "சாப் எப்பத் திரும்பி வருவார்னு சொல்ல முடியாது. தலை சொட்டச் சொட்டவா வண்டி ஓட்டுறது?" என்பார்.

1998-லும் டைரி விரிந்தது. அந்த வருஷம் காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் கிடையாது என்று வந்துவிட்டது.

மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பொன்னம்மாள் அதை வீட்டுக்கார அம்மாளிடம் சொன்னாள். அந்த அம்மாளுக்குப் பெயர் சந்தோஷ். பெண்ணுக்கு இப்படி ஒரு பெயரா என்று முதலில் ஆச்சரியப்பட்ட பொன்னம்மாள், இப்போது பழகிவிட்டாள்.

"கங்கை பார்க்க ஹரித்வார் எதுக்கு? கட் கங்கா போயிட்டு வாயேன், அந்த ஊர்லயும் கங்கைதான்" என்றாள் சந்தோஷ். "மாமனார் அஸ்தியைக் கரைக்க நாங்க அங்கதான் போனோம். காலையில போனோம், சாயங்காலம் வந்து ரொட்டி சுட்டேன்."

அன்று மாலை செல்வராஜ் வந்ததும் பொன்னம்மாள் இதைச் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சிரித்தார்.

"பதினெட்டு வருஷமா வண்டி ஓட்டுறேன். எனக்குத் தெரியாத கங்கையா? முராத்நகர்ப் பக்கம் ஒரு கால்வாய் ஓடுது. அதைச் சொல்லியிருப்பாங்க."

"கால்வாயில போயி அஸ்தி கரைப்பாங்களா?"

"யாரு கண்டா" என்றார் அவர். பேச்சு அத்தோடு நின்றது.

பொன்னம்மாளுக்கு மட்டும் நிற்கவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கனிமொழி பள்ளிக்கூடம் போனதும் வீட்டைப் பூட்டி, சாவியைச் சந்தோஷிடம் கொடுத்துவிட்டு, ஆனந்த் விஹார் பஸ் நிலையத்துக்குக் கிளம்பினாள். தனியாக அவள் போன அதிக தூரம், ஆர்.கே.புரத்து முருகன் கோயில். இது இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஊர்க்கோடி. யமுனைப் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கறுப்பாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கங்கையும் இப்படித்தான் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம் வந்தது.

விசாரணை ஜன்னலில் இருந்தவர் தலையைத் தூக்காமல் ஏதோ சொன்னார். அவளுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். விலகி வந்து கொஞ்ச நேரம் தூணோரம் நின்றாள். எதிரே ஒரு பஸ் டிரைவர் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, தோளில் துண்டு. தன் வீட்டு மனுஷர் மாதிரியே இருந்ததால் தைரியமாகப் பக்கத்தில் போனாள்.

"பையா, கட் கங்கா. மேம் ஜாதா ஹூம். பஸ் கோன்சா?"

'ஜாதீ' என்பதற்குப் பதில் 'ஜாதா' என்று ஆம்பிளை பேசுகிற மாதிரி பேசியது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கனிமொழி கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். டிரைவர் சிரிக்கவில்லை. அவள் கையில் இருந்த பையைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "அஸ்தியா, பஹன்ஜி?" என்று கேட்டார்.

அந்தச் சொல் புரிந்தது. பதறிப்போய், "யாரும் சாகலை, யாரும் சாகலை. சும்மா பார்க்க" என்றாள் தெரிந்த ஹிந்தியில்.

"சும்மா பார்க்கவா?" அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டு, விரல்விட்டு நிதானமாகச் சொன்னார். மொராதாபாத் போகிற எந்த பஸ்ஸிலும் ஏறலாம். காலை ஆறு மணிக்கு ஒன்று இருக்கிறது. இரண்டரை மணி நேரம். பெரிய பாலம் வருவதற்கு முன்னால் பிரஜ்காட் என்று கேட்டு இறங்கவேண்டும், கட் கங்காவின் படித்துறை அங்கேதான். திரும்ப ஏழு மணி வரைக்கும் பஸ் உண்டு.

பொன்னம்மாள் மகளின் பழைய நோட்டில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொண்டாள். வீட்டில் என்னென்ன குறுக்குக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் பஸ் நடுவில் எங்கே நிற்கும், பெண்கள் இறங்கிப் போக வசதி உண்டா, படகு கிடைக்குமா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். கடைசியாக, தயங்கித் தயங்கி, "தண்ணி எப்படி இருக்கும்?" என்றாள்.

"போய்ப் பாருங்க" என்றார் அவர்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டை செல்வராஜிடம் நீட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"யாரு கேட்டுச் சொன்னது?"

"நான்தான் போயிட்டு வந்தேன்."

"ஆனந்த் விஹாருக்கா? தனியாவா?"

"ஆமா. நாலு மணிக்கெல்லாம் வந்துட்டேன்."

கனிமொழி ஹோம்வொர்க்கை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராஜ் நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை அவர் வர நேரமாயிற்று. வந்தவர் சாப்பிட உட்காராமல் வாசல்படியிலேயே நின்றார்.

"வெள்ளிக்கிழமை அரை நாள் வரச் சொன்னாங்க" என்றார்.

பொன்னம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஊர்ல இருக்க மாட்டேன் சார்னு சொல்லிட்டேன். எங்க போறேன்னு கேட்டாரு. பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினேன். தமிழ்ல இருக்கே, என்னன்னு கேட்டாரு. படிச்சுச் சொன்னேன். அச்சா, அவ்வளவு பக்கத்துலயான்னுட்டு வேற ஆளைப் போட்டுக்கிட்டாரு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். எலுமிச்சம்பழம் வாங்கியாந்திருக்கேன், பாரு."

வெள்ளிக்கிழமை ஆறு மணி பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். செல்வராஜுக்குப் பயணியாக உட்காரத் தெரியவில்லை. முன்னால் மாடு குறுக்கே வந்தபோதெல்லாம் வலது காலைத் தரையில் அழுத்தினார். "அப்பா, பிரேக் அங்க இல்ல" என்றாள் கனிமொழி. முராத்நகர் இந்தப் பாதையில் வரவே இல்லை. ஹாபூரில் டீ குடித்தார்கள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் கரும்புதான்.

"பிரஜ்காட்" என்று கண்டக்டர் கூவியதும் இறங்கி, கடைகளுக்கு நடுவே நடந்து படித்துறைக்கு வந்தார்கள்.

ஆறு அகலமாக இருந்தது. மழைக்காலத்துத் தண்ணீர் இன்னும் வடியாமல், மண் நிறத்தில், வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் வெறும் மணல். பாலத்தின் மேல் ரயில் ஒன்று போனது. பொன்னம்மாள் கடைசிப் படி வரைக்கும் இறங்கி, முழங்கால் நனைய நின்றாள். தேங்கிக் கிடக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு ஓடியது. அவளுக்கு எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. சும்மா நின்றாள்.

செல்வராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, படியில் கட்டியிருந்த சங்கிலியைப் பிடித்தபடி மூன்று முறை முங்கினார். எழுந்து முகத்தை வழித்துவிட்டு, "இன்னும் ஒண்ணு" என்று மறுபடியும் முங்கினார். அப்புறம் எண்ணவில்லை.

பதினொரு மணிக்குப் படகில் போனார்கள். அக்கரை மணலில் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டார்கள். கனிமொழி மணலில் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். மொழியின் ழி சரியாக வரவில்லை. செல்வராஜ் துண்டை விரித்துப் படுத்தவர் தூங்கியே போனார். பகலில் அவர் தூங்கிப் பொன்னம்மாள் பார்த்து வருஷக்கணக்காயிற்று. எழுப்ப மனம் வரவில்லை.

மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்புவதாக நோட்டில் எழுதியிருந்தாள். மணி இரண்டே முக்காலுக்குக் கனிமொழி, "அம்மா, ஜல்தி, பஸ் போயிடும்" என்றாள்.

"போகட்டும், ஏழு மணி வரைக்கும் இருக்கு" என்றாள் பொன்னம்மாள்.